தோழிக்கு ஒரு சந்தேகமாம்

வானொலிக்கு வரும் கேள்விகளில் ஒரு வகை உண்டு. "என் தோழிக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கும். சில சமயம் தோழி, சில சமயம் ஒன்றுவிட்ட அண்ணன், சில சமயம் "தேசிய சேவையில் என்னோடு இருக்கும் ஒருத்தர்". கடன், வேலை, மாமியார் தொல்லை என்றால் எல்லாரும் "எனக்கு" என்றுதான் எழுதுகிறார்கள். நாள் தள்ளிப்போனது, கருத்தடை, பால்வினை நோய் என்று வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தோழி வந்துவிடுகிறாள்.

அந்தத் தோழியை நான் கேலி செய்யவில்லை. அவள் மிகவும் பயனுள்ள பெண். அவளை முன்னால் நிறுத்தினால்தான் பின்னால் இருப்பவருக்குக் குரல் வருகிறது. உலகின் வேறொரு மூலையில் சில இளையர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அந்தத் தோழிக்கு ஒரு பெயர் வைத்து, உடை உடுத்தி, ஊர் நடுவே நடிக்க விட்டார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

1985ல் பிரிட்டனில் 'ஸ்டூடண்ட்ஸ் பார்ட்னர்ஷிப் வேர்ல்ட்வைட்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் 'ரெஸ்ட்லெஸ் டெவலப்மெண்ட்'. பள்ளிப் படிப்பை முடித்த பிரிட்டிஷ் இளையர்கள் இந்தியாவுக்கும் ஸிம்பாப்வேக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனதுதான் ஆரம்பம். அதற்குப் பின் எச்ஐவி கிழக்கு ஆப்பிரிக்காவையும் தென் ஆப்பிரிக்க வட்டாரத்தையும் உலுக்கியது. 1990களின் இறுதியில் ஸிம்பாப்வேயில் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குக் கிருமி இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஆங்கில இலக்கணம் மட்டும் நடத்திவிட்டுத் திரும்ப முடியுமா? வேலை மெல்ல மெல்ல இளையர்களின் உடல்நலம் பக்கம் திரும்பியது.

அவர்கள் கண்ட முறை எளிமையானது. வெளிநாட்டிலிருந்து வந்த தொண்டூழியரையும் அதே நாட்டைச் சேர்ந்த தொண்டூழியரையும் இணையாகச் சேர்த்துக் கிராமத்தில் தங்கவைப்பார்கள். இருவரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். பள்ளியில் வகுப்பு, மாலையில் விளையாட்டு, வாரக் கடைசியில் மன்றம். இடையிடையே நாடகம். 2011ல் பிரிட்டிஷ் அரசாங்கம் தொடங்கிய அனைத்துலகக் குடிமக்கள் சேவைத் திட்டமும் 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களை இதேபோல் இணைகளாக, கிட்டத்தட்ட மூன்று மாதத்திற்கு அனுப்பியது.

நாடகம் எதற்கு? ஒரு டாக்டரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் போதாதா?

போதாது. காரணம் என் தொழிலில் எனக்குத் தினமும் தெரிகிறது. நம்மிடம் இதற்கு இரண்டு வகைச் சொற்கள்தான் இருக்கின்றன. ஒன்று செய்தியறிக்கைச் சொல்: ஆணுறை, பாலியல் உறவு, பால்வினை நோய். காதில் விழுந்தால் கையேட்டை வாசிப்பதுபோல் இருக்கும். மற்றொன்று காப்பிக்கடை மேசையில் தாழ்ந்த குரலில் சொல்லும் கெட்ட வார்த்தை. நடுவில் ஒன்றுமில்லை. மகள் தாயிடமோ காதலி காதலனிடமோ சாதாரணமாகச் சொல்லக்கூடிய சொல் நம் வாயில் பழகவே இல்லை. மாதவிடாய்க்கே "தூரம்", "வீட்டுக்கு வெளியே" என்று சொன்ன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

விரிவுரையில் செய்தியறிக்கைச் சொற்கள்தான் வரும். நாடகத்தில் அப்படி முடியாது. கதாபாத்திரங்கள் பேச வேண்டும். பேசவேண்டும் என்றால் பேசக்கூடிய சொல்லை யாராவது கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

கிராமத்துப் பள்ளித் திடலில் இப்படி ஒரு காட்சி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயது மாணவி. பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மினிபஸ் நடத்துநர் அவளை இலவசமாக ஏற்றிக்கொள்கிறார். சில வாரம் போகிறது. ஒருநாள் இனிப்பு, ஒருநாள் கைத்தொலைபேசிக்குப் பணம். பிறகு ஒருநாள் அவர் கேட்கிறார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசிக் காட்சியில் சீருடையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நாடகம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் கூட்டத்தைக் கலைந்துபோக விடமாட்டார்கள். நடத்திக்கொடுக்கும் இளையர் முன்னால் வந்து, "மறுபடி முதலிலிருந்து ஆடப்போகிறோம். எந்த இடத்தில் அவள் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று நினைக்கிறீர்களோ, அங்கே 'நிறுத்து' என்று கத்துங்கள். பிறகு நீங்களே வந்து அவளாக நடியுங்கள்" என்பார்.

"நிறுத்து!" ஒரு பெண் எழுந்து வருகிறாள். "எனக்கு வேண்டாம்" என்கிறாள். நடத்துநராக நடிப்பவர் விடமாட்டார்: "அப்படியா? இவ்வளவு நாள் ஏறிய பஸ் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் போ." அவள் திகைத்து நிற்கிறாள். இன்னொருத்தி வருகிறாள்: "அம்மாவிடம் சொல்வேன்." அம்மாவாக நடிப்பவர், "நல்ல மனுஷனைப் பற்றித் தப்பாகப் பேசாதே" என்று அடக்கிவிடுகிறார். கூட்டத்தில் அம்மாக்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. மூன்றாவதாக ஒருத்தி தைரியமாக ஆணுறை வேண்டும் என்கிறாள். அவர் கேட்கிறார்: "என்னை நம்பவில்லையா?"

உலகம் முழுவதும் இந்த விஷயத்தில் வரும் கேள்வி இதுதான். ஆப்பிரிக்காவாக இருந்தாலும் ஈசூனாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்ல யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. அந்தத் திடலில் முதல் பெண் சொல்லும் பதில் சரிவராது. இரண்டாவது பெண் கொஞ்சம் நன்றாகச் சொல்வாள். நாலாவது ஆள் ஒரு பையனாகவும் இருக்கலாம். பெண் வேடத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு நெருக்கடி என்று அவனுக்கு உறைக்கும். பதிலைக் கேட்பது வேறு, சொந்த வாயால் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது வேறு. ஒத்திகை பார்த்த வசனம்தான் உண்மையான நாளில் நாக்கில் நிற்கும். ஒலிவாங்கி முன் நிற்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இந்த முறைக்கு 'மன்ற அரங்கு' என்று பெயர். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கியது. இராணுவ ஆட்சியில் சிறைப்பட்டு, சித்திரவதைக்கு ஆளாகி, 1971ல் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1973ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோது நடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணின் கணவர் சில காகிதங்களைக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாள் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துக் கேட்டால், அத்தனையும் கணவரின் காதலி எழுதிய கடிதங்கள்! அன்றிரவு கணவர் திரும்பி வருகிறார். அவள் என்ன செய்ய வேண்டும்?

அதுவரை பார்வையாளர்கள் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். அன்று கூட்டத்தில் இருந்த பருத்த உடல்வாகு கொண்ட ஒரு பெண்மணி, "அவனோடு தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும்" என்றார். நடிகை எப்படி எப்படியோ பேசிப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை. கடைசியில் போவால், "நீங்களே வந்து காட்டுங்கள்" என்றார். அவர் மேடை ஏறி, துடைப்பத்தை எடுத்து, கணவராக நடித்தவரை மொத்து மொத்தென்று மொத்தினார். அதுதான் அவர் அகராதியில் "தெளிவாகப் பேசுவது"! அன்றிலிருந்து பார்வையாளரையே மேடைக்கு அழைப்பது போவாலின் வழக்கமானது.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று, ராஜாவையும் கிண்டல் செய்து, ஊர்க்காரர்களையும் வம்புக்கு இழுப்பான். போவாலின் நாடகத்திலும் அப்படி ஒருவர் உண்டு; அவருக்கு 'ஜோக்கர்' என்றே பெயர். வித்தியாசம் ஒன்றுதான்: நம் கட்டியங்காரன் கூட்டத்தைச் சிரிக்கவைப்பான், அந்த ஜோக்கர் எழுந்து வரவைப்பார்.

சரி, இதற்கு வெளிநாட்டு இளையர் எதற்கு? நியாயமான கேள்வி. அந்நியராக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் யாருக்கும் மருமகனில்லை, யார் வீட்டுச் சண்டையிலும் பங்கில்லை. "இது ஏன் இப்படி?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டாலும் மன்னித்துவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் தாயின் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஆனால் அவருக்கு மொழி தெரியாது, ஊரின் நெளிவுசுளிவு தெரியாது, மூன்று மாதத்தில் விமானம் ஏறிவிடுவார். நம் பிள்ளைகளும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும்போது கம்போடியா, வியட்னாம் என்று சமூக சேவைக்குப் போகிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சுவருக்கு அடுத்த மழைக்காலத்தில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் அந்த இணையில் உள்ளூர்த் தொண்டூழியர் முக்கியம். கதையை, சொல்லை, நகைச்சுவையைக் கொண்டுவருபவர் அவர். விமானம் போன பிறகும் அங்கே இருப்பவரும் அவர்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இதெல்லாம் வேலை செய்கிறதா?

தான்ஸானியாவின் முவான்ஸா வட்டாரத்தில் 1998ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 20 சமூகங்கள், 9,000க்கும் அதிகமான இளையர்கள். பாதி ஊர்களில் வகுப்பு, சக மாணவர்கள் நடிக்கும் நாடகம், இளையர்களை மதிக்கும் மருந்தகம் எல்லாம் கொண்டுவந்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. மனப்போக்கும் மாறியிருந்தது. ஆனால் நோய்த்தொற்றில் நம்பும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஸிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற இளையர்களைக் கிராமங்களில் தங்கவைத்து நடத்திய மற்றொரு ஆய்விலும் கதை இதேதான்: அறிவு கூடியது, எச்ஐவி குறையவில்லை.

எனக்கு இந்த முடிவுகளைப் படித்தபோது மினிபஸ் நடத்துநர்தான் நினைவுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்தாலும் பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது? பஸ் காசு அவரிடம்தானே இருக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டியது அவள் மட்டுமில்லை. நடத்துநரும், அம்மாவும், பள்ளிக்கூடமும் கூடத்தான்.

இதைக் கணக்கில் எடுத்த ஒரு திட்டம் உண்டு. 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' என்பது அதன் பெயர். 1995ல், உகாண்டா அனுபவத்திலிருந்து ஆலிஸ் வெல்போர்ன் உருவாக்கியது. அவரும் எச்ஐவியோடு வாழ்பவர். இதில் வெளியிலிருந்து யாரும் வந்து நடித்துக் காட்டுவதில்லை. ஊர் ஆண்கள் ஒரு குழு, பெண்கள் ஒரு குழு. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்துப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாநிலத்தில் 70 கிராமங்களில், 15 முதல் 26 வயதுவரை உள்ள 2,700க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு ஏறத்தாழ 50 மணி நேரப் பயிற்சி, மறுபாதிக்கு மூன்று மணி நேரப் பேச்சு. 2008ல் முடிவு வெளியானது. எச்ஐவி உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துணையை அடிக்கும் பழக்கமும் குறைந்ததாக ஆண்கள் சொன்னார்கள். ஒரு நாள் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கும் 50 மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

பணத்தைக் கொட்டினால் மட்டும் வந்துவிடாது என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் இருக்கிறது. 1995ல் தென்னாப்பிரிக்கச் சுகாதார அமைச்சு 'சரஃபீனா 2' என்ற இசைநாடகத்துக்கு ஏறக்குறைய 14 மில்லியன் ராண்ட் ஒதுக்கியது. எய்ட்ஸ் பற்றிய செய்தி அதில் தெளிவாக இல்லை என்று சுகாதாரத் துறையினரே குறைகூறினர். விசாரணை நடந்தது, நாடகம் நின்றது. பள்ளித் திடலில் இரண்டு நாற்காலி போட்டு நடத்தும் நாடகத்துக்கு அந்தப் பணத்தில் ஒரு துளி போதும்.

வானொலியில் இருப்பவள் என்ற முறையில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு சம்பவம். குகு டிலமினி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே குவாமாஷுவில் வாழ்ந்த பெண். 1998 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று, தமக்கு எச்ஐவி இருப்பதாக சூலு மொழி வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத்தில் ஒரு கும்பல் அவரை அடித்துக் கொன்றது. டர்பனில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

அதே மாதம், டிசம்பர் 12ஆம் தேதி, நம் சிங்கப்பூரில் பேடி சியூ என்பவர் தமக்கு எச்ஐவி இருப்பதைப் பொதுவில் அறிவித்தார். இங்கே அப்படிச் செய்த முதல் மனிதர். மறு ஆண்டு 'தி நெசசரி ஸ்டேஜ்' நாடகக் குழுவோடு சேர்ந்து, தமது கதையைத் தாமே தனி ஆளாக மேடையில் சொன்னார். ஹரேஷ் ஷர்மா எழுத, ஆல்வின் டான் இயக்கினார். அதே 1999 ஆகஸ்டில் அவர் காலமானார். உடம்பு இளைத்துப்போன ஒரு மனிதர் எதிரில் நின்று தம் கதையைச் சொல்லும்போது, "அந்த மாதிரி ஆட்கள்" என்று பேசுவது பார்ப்பவருக்கு எளிதாக இருந்திருக்காது.

பேடி சியூவின் துணிச்சலை எல்லாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை குகு டிலமினியின் முடிவு சொல்கிறது. "வெளிப்படையாகப் பேசுங்கள்" என்று ஒலிவாங்கி முன் சொல்வது எனக்குச் சுலபம். பேசியவர் நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகவேண்டும், மின்தூக்கியில் அண்டை வீட்டாரைப் பார்க்கவேண்டும். அதனால் "தோழிக்காக" என்று கேள்வி வந்தால் நான் தோழிக்கே பதில் சொல்கிறேன். யார் அந்தத் தோழி என்று துருவுவதில்லை. நாடகம் செய்வதும் அதுதான். உண்மை முழுவதையும் பேச வைக்கிறது. பழியை யார் தலையிலும் கட்டுவதில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் மேடை போடத் தேவையில்லை. தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். "அந்தப் பொண்ணு இடத்துல நீ இருந்தா என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உடனே அறிவுரை சொல்லிவிடாதீர்கள், நீங்கள் வில்லனாக மாறி, "என்னை நம்பவில்லையா?" என்று திருப்பிக் கேளுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே ஒரு பதிலைத் தேடட்டும். மகனிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் எப்படி விலகுவது என்பதற்கும் ஒத்திகை தேவை.

நம் நாட்டில் இன்னொரு நல்ல சந்தர்ப்பமும் இருக்கிறது. 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. பெற்றோர் ஒப்புதல் கேட்டு வீட்டுக்குத் தகவல் வரும். பல வீடுகளில் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது, அந்தக் கிருமி பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுகிறது என்று இரண்டு வாக்கியம் மகளிடம் சொல்லிவிட்டு ஒப்புதல் கொடுங்கள். பதின்மூன்று வயதில் அந்த இரண்டு வாக்கியத்தை நீங்கள் சொன்னால், பதினெட்டு வயதில் அவள் மூன்றாவது வாக்கியத்தை உங்களிடம் கேட்பாள்.

இளையர்களே, உங்களுக்கும் இரண்டு செய்தி. சிங்கப்பூரில் பெயரோ அடையாள அட்டை எண்ணோ கொடுக்காமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம். பேடி சியூ காலத்தோடு ஒப்பிட்டால் மருத்துவமும் எவ்வளவோ முன்னேறிவிட்டது. முறையாக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துத் தொடர்ந்து அப்படியே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்ஐவி பரவுவதில்லை. கல்லூரியில் நாடகக் குழு வைத்திருப்பவர்கள் அடுத்த தமிழ் நாடக விழாவுக்கு இதையே கருவாக எடுத்துப் பாருங்கள். நாடகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, "எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கூட்டத்தைக் கேளுங்கள். முதல் ஆள் எழுந்து வரச் சற்று நேரம் பிடிக்கும். பொறுங்கள்.

ஒரு வேண்டுகோள். செய்தியறிக்கைச் சொல்லுக்கும் காப்பிக்கடைச் சொல்லுக்கும் நடுவில், உங்கள் வீட்டில் கூச்சமில்லாமல் புழங்கும் சொற்கள் ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவற்றை வானொலியில் பேசிப் பார்க்க ஆசை. உங்கள் பெயரைப் போடவேண்டிய அவசியமில்லை.